நாற்பத்தேழில் ஒருத்தி

மலர்க்கொடி டீச்சரை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஏழு வருஷமாக அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவன் நான். ஓடைக்குடிக்காடு அரசு உயர்நிலைப்பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். நான் இளநிலை உதவியாளர், பெயர் சிங்காரவேலு. அவருடைய கோழிக்கிறுக்கலைப் படித்துத் தட்டச்சு செய்து மேலே அனுப்புவதும், மேலேயிருந்து திட்டு வந்தால் அவருக்கு முன்னால் நான் வாங்கிக்கொள்வதும் என் வேலை. சாப்பாட்டு டப்பாவை வருகைப் பதிவேட்டின் மேல்தான் வைப்பார். பள்ளி முத்திரையைத் தலைகீழாகக் குத்துவார். சொன்னால், "எழுத்து தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்.

தினமும் பெரம்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அவருடைய அப்பா கரும்பு வெட்டும் ஆட்களோடு ஊர் ஊராகப் போனவர். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவர்தான். இதை அவர் யாரிடமும் சொல்லிக் காட்டி நான் கேட்டதில்லை. ஒருமுறை அவர் தங்கை பள்ளிக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரியும். பெரம்பலூருக்கே மாறிப் போக மூன்று தடவை வாய்ப்பு வந்தது. மூன்று தடவையும் கலந்தாய்வுக்குப் போகவில்லை. முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஸ்கூல் மேல போவட்டும், அப்புறம் நான் போறேன்" என்பார்.

மேலே போவது என்றால் மேல்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்வது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்தாவது முடித்தால் பிளஸ் ஒன்னுக்கு ஜெயங்கொண்டம் போக வேண்டும். பதினான்கு கிலோமீட்டர். காலையில் ஏழு பத்துக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஒன்பதரைக்கு. ஏழு பத்து பஸ் எங்கள் ஊருக்கு வரும்போதே படிவரைக்கும் ஆள் இருக்கும். பெண் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தால் டிரைவருக்குச் சில நாள் பிரேக் இருப்பதே மறந்துபோகும். இந்தக் கதை நடப்பதற்கு முந்தின வருஷம் பத்தாவது தேறிய இருபத்திரண்டு பெண்களில் பதினொரு பேர் அதோடு நின்றுவிட்டார்கள். கதை நடந்த வருஷம் என் மகள் வளர்மதி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். "அந்த பஸ்ஸுல இடிபட்டுப் போயி ஒண்ணும் படிக்க வேணாம். பத்தோட போதும்" என்று என் மனைவி ஜோதி தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஆக, பள்ளி மேலே போகாவிட்டால் என் மகளுக்குப் படிப்பு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்களுக்குப் போட்டி பனங்குழி அரசு உயர்நிலைப்பள்ளி. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு பள்ளிகளில் ஒன்றைத்தான் உயர்த்துவார்கள் என்று பேச்சு வந்ததும், மேல் ஆபீஸிலிருந்து ஒப்பீட்டுப் படிவம் ஒன்று வந்தது. மாணவர் எண்ணிக்கை ஒரு கட்டம், தேர்வு எழுதியவர்கள் ஒரு கட்டம், தேறியவர்கள் ஒரு கட்டம், சதவீதம் ஒரு கட்டம். எங்கள் பள்ளியில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். பனங்குழியில் நூற்று நாற்பத்தெட்டு. பாதிகூட இல்லை. ஆனால் சதவீதத்தில் நாங்கள் மூன்று வருஷமாகத் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நாலு. அவர்கள் நூறு, நூறு, நூறு.

அந்த நூறு எப்படி வருகிறது என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாவது முடிகிற சமயத்தில், தேறாது என்று தெரிகிற பிள்ளைகளின் அம்மாக்களைக் கூப்பிட்டு, "இங்க கஷ்டம்மா, டி.சி. தரோம், வேற எடத்துல சேத்துக்கங்க" என்று நைசாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வேற இடம் நாங்கள்தான். ஜூன் மாதம் முதல் வாரம், மாற்றுச் சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாக்கள் வந்து நிற்பார்கள். நான் கண்ஜாடை காட்டுவேன். டீச்சர் என் பக்கமே திரும்பாமல், "உக்காரும்மா, பேரு என்ன?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு பிள்ளையையாவது திருப்பி அனுப்பியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அந்த வருஷம் எங்கள் பத்தாவதில் நாற்பத்தேழு பேர். அதில் ஒன்பது பேர் பனங்குழி தள்ளிவிட்டவர்கள்.

எனக்கு ஆற்றாமை. படிவத்தில் நானாக ஒரு கட்டம் போட்டு, 'பனங்குழியிலிருந்து மாறி வந்தோர்: 9' என்று தட்டி அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது.

"யாருங்க ஒங்கள இதச் சேக்கச் சொன்னது? படிவத்துல உள்ளத மட்டும் நெரப்பி அனுப்புங்க."

"அது இல்லாம ரெண்டு ஸ்கூலையும் எப்படி சார் ஒப்பிடுவீங்க?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

என்னத்தைப் பார்ப்பார்கள்? அழித்துவிட்டு அனுப்பினேன். அந்த மாத மீளாய்வுக் கூட்டத்தில் டீச்சரை எழுப்பி நிற்கவைத்து, "சேர்க்கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷம் ஒரு நூறு காட்டுங்கம்மா, ஒங்க ஸ்கூலத்தான் எழுதி அனுப்புறோம்" என்றார் அதிகாரி. பள்ளிக்கு வந்து டீச்சர் சொன்னபோது ஆசிரியர் அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் எல்லோரும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினோம். இறங்கினோம் என்றால் நிஜமாகவே இறங்கினோம். ஆளுக்கு ஆறேழு பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு அவரவர் பிள்ளைகளுக்குப் போன் போட்டு எழுப்புவது. எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போட்டு எழுப்புவது. ஊரே எங்களைக் கரித்துக்கொட்டியது.

கணக்கு ஆசிரியர் அறிவரசனுக்குச் சாமி கும்பிடும் பழக்கம் கிடையாது. அவரே அந்தப் பங்குனியில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, திருமழபாடிக்கும் போய் நந்தி கல்யாணம் பார்த்துவிட்டு வந்தார். "நாப்பத்தாறு தேறிடும் சார். ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது" என்றார்.

அந்த ஒன்று பரிமளா. பனங்குழியிலிருந்து வந்த ஒன்பது பேரில் ஒருத்தி. அப்பா இல்லை. அம்மா கலியம்மாள் கூலி வேலைக்குப் போகிறவள். மற்ற பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறிவிடுவாள். கணக்கில் அரையாண்டுத் தேர்வில் ஒன்பது மதிப்பெண். அறிவரசன் அவளுக்கு வேறு எதையும் சொல்லித் தராமல், வரைபடமும் வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதும் மட்டும் தினம் போட வைத்தார். இரண்டும் வந்தால் பதினாறு மதிப்பெண், கூட ஒரு மார்க் கேள்விகள். இருந்தாலும் முப்பத்தைந்து என்பது அவளுக்குக் கனவுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் சதவீதம் போடுவது தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான். ஒரே ஒரு பாடத்தை எழுத வராத பிள்ளைகூடக் கணக்கிலேயே வராது. நாற்பத்தேழில் நாற்பத்தாறு பேர் எழுதி நாற்பத்தாறு பேரும் தேறினால் அது நூறு. ஆசிரியர் அறையில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கணக்குத் தேர்வு அன்று காலை ஆறே முக்காலுக்கு என் போன் அடித்தது.

"சார், நான் பரிமளா பேசறேன். நான் இன்னைக்கு வரல சார்."

"ஏம்மா?"

"எனக்குக் கணக்கு வராது சார். எழுதுனாலும் ஃபெயிலுதான். என்னால ஸ்கூலுக்கே கெட்ட பேருன்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மாவோட முந்திரிக்காட்டுக்குப் போறேன். டீச்சர்கிட்ட பேச பயமா இருக்கு. நீங்க சொல்லிடுங்க சார்."

நான் என்ன சொன்னேன் என்பதை இன்றுவரை ஜோதியிடம்கூடச் சொல்லவில்லை. "சரிம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு நிம்மதியாக ஒரு காபி குடித்தேன். பக்கத்து அறையில் வளர்மதி தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் பத்தாவது முடித்ததும் நம் பள்ளியிலேயே பிளஸ் ஒன் படிப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். டீச்சரிடம் சொல்லவில்லை.

தேர்வு மையம் ஜெயங்கொண்டத்தில். முழங்கால் வலியால் டீச்சருக்கு அந்த வருஷம் தேர்வுப் பணி போடவில்லை. அதனால் ஒவ்வொரு தேர்வுக்கும் மையத்து வாசலில் வந்து நின்று, ஹால் டிக்கெட்டை அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்து, எண்ணித்தான் உள்ளே அனுப்புவார். பிள்ளைகளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று எல்லா ஹால் டிக்கெட்டையும் தன் பையிலேயே வைத்திருந்தார். நானும் என் வண்டியில் போய்ப் பக்கத்தில் நின்றேன். எங்கள் பிள்ளைகள் இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். ஒன்பதே கால் மணிக்கு டீச்சர் கையில் ஒரே ஒரு ஹால் டிக்கெட் மிச்சம் இருந்தது.

"பரிமளா எங்க?"

"தெரியலயே டீச்சர்" என்றேன்.

"வேன்ல ஏறலயா? யாரும் பாக்கலயா? என்னத்தப் பண்ணிக்கிட்டு இருந்தீங்க எல்லாரும்?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்தினார். பிறகு என் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "எடுங்க வண்டிய."

ஊரை நோக்கி ஓட்டினேன். எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக. எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வந்தபோதெல்லாம் ஓரம் கட்டி நின்றேன். மூன்றாவது முறை நின்றபோது டீச்சர் என் தோளில் குத்தினார். அப்போது சொன்னேன்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஆப்சென்ட் ஆனா கணக்குல வராது. அந்தப் புள்ள ஜூலையில துணைத் தேர்வு எழுதிக்கட்டும். இன்னைக்கு அது வரலன்னா நமக்கு நூறு. ஸ்கூல் மேல போயிரும். நீங்களும் பெரம்பலூர் போயிரலாம். எத்தன பொண்ணுங்க படிக்கும், யோசிச்சுப் பாருங்க."

பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பனங்குழிக்காரங்க அவள ஒரு தடவ எடுத்து வெளிய போட்டாங்க" என்றார். "நீங்க ரெண்டாவது தடவ போடச் சொல்றீங்க. இன்னைக்கு வூட்ல உக்காந்துட்டா ஜூலையில எவ வந்து எழுதுவா? ஓட்டுங்க சார், பேசாம."

பரிமளாவின் வீடு பூட்டியிருந்தது. எங்கே போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு டீச்சர் வீடு வீடாகத் தட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவது வீட்டில் பொன்னுத்தாய் என்ற அம்மா, "ஏரிக்கு அந்தாண்ட முந்திரிக்காட்டுக்குப் போச்சுங்க ரெண்டும்" என்று சொல்லிவிட்டாள். மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு மேல் மையத்தில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அந்த அம்மாவை அன்று நான் மனதுக்குள் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

காட்டில் அம்மாவும் மகளும் கீழே விழுந்த பழத்திலிருந்து கொட்டையைத் திருகிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் பரிமளா எழுந்து ஒரு மரத்துக்குப் பின்னால் போனாள். டீச்சர் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. "எரும! இங்க வாடி! ஒன்ன நான் என்ன, மூட்டையா தூக்கிட்டுப் போவணும்?" என்று கத்திக்கொண்டே முள்ளு மிதித்துப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"டீச்சர், அது எழுதியும் ஃபெயிலாத்தான் போவும்னு எல்லாரும் சொல்றாங்க. ஒங்களுக்கும் எதுக்குங்க கெட்ட பேரு? வுட்ருங்க" என்றாள் கலியம்மாள். அதை அவள் எங்களுக்கு உதவி செய்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எனக்கு என்ன பேருன்னு நான் பாத்துக்கறேன். ஃபெயிலாவட்டும் கலியம்மா. எழுதிட்டு ஃபெயிலாவட்டும். நீ கொட்டையப் பொறுக்கு."

வண்டியில் மூன்று பேர். பரிமளாவின் விரலெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருந்தது. ஒரு பழைய சுடிதார், காலில் செருப்பு இல்லை. டீச்சர் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். நடுநடுவே, "தொடுகோடு வரையறதுக்கு மொதல்ல என்ன போடணும்?" என்று கேட்பார். அவள் அழுதுகொண்டே பதில் சொல்வாள். திரும்ப நான் வேகமாகத்தான் ஓட்டினேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. பத்து இருபத்திரண்டுக்கு மையத்து வாசலில் இறக்கினேன். இன்னும் எட்டு நிமிஷம் தாமதித்திருந்தால் கேட்டைப் பூட்டியிருப்பார்கள்.

மே மாதம் முடிவு வந்தது. நாற்பத்தேழு பேர் எழுதி நாற்பத்தாறு பேர் தேறினார்கள். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு ஏழு. பரிமளா கணக்கில் முப்பத்தொன்று. நாலே நாலு மதிப்பெண் குறைவு. பனங்குழி வழக்கம்போல நூறு. படிவத்தை எரிச்சலோடு நிரப்பி அனுப்பினேன்.

கூட்டத்தில் டீச்சரை மறுபடி எழுப்பினார்கள். ஆவணங்களோடு நானும் பின்வரிசையில் இருந்தேன்.

"யாரும்மா அந்த ஒண்ணு?" என்றார் அதிகாரி.

"பரிமளா சார். அரையாண்டுல கணக்குல ஒம்பது. இப்ப முப்பத்தொண்ணு."

"அதையெல்லாம் இதுல எங்கம்மா போடறது?"

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். ஜூலையில் உத்தரவு வந்தது. நூற்று நாற்பத்தெட்டு பிள்ளைகள் படிக்கிற பனங்குழி மேல்நிலைப்பள்ளி ஆனது. எங்கள் ஊரிலிருந்து பனங்குழிக்கு நேர் பஸ் கிடையாது. ஏழு பத்து பஸ்ஸும், டிரைவரின் மறதியும், எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே நிலைத்தன. டீச்சர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் அடுத்த ஒரு வாரம் அவருக்குத் தேவையான பதில்களை மட்டும் சொன்னேன்.

பரிமளா துணைத் தேர்வு எழுதினாள். நாற்பத்தொன்று வாங்கித் தேறினாள். ஆகஸ்டில் ஒருநாள் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்தாள். ஜெயங்கொண்டத்தில் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. டீச்சர் தன் மேசையில் எதற்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பதிவேட்டில் ஒப்பம் வாங்கிக்கொண்டு சான்றிதழை நீட்டினேன். வாங்கிக்கொண்டு அவள் போகவில்லை.

"ரொம்ப நன்றி சார்" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா? டீச்சர்கிட்ட சொல்லு."

"டீச்சர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன் சார். காலையில போன் பண்ணப்ப நீங்க வெறும் சரின்னுதான் சொன்னீங்க. ஆனா ஒடனே டீச்சர்கிட்ட சொல்லி, நீங்களே வண்டியில கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க. நீங்க சொல்லலன்னா இந்நேரம் காட்டுலதான் சார் இருப்பேன்."

டீச்சரின் பேனா நின்றது. நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமளா இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டாள்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், என் மகளைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, பனங்குழியைப் பற்றி. எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் மீதி இருந்த தாள்களிலும் கையெழுத்துப் போட்டு முடித்தார். முத்திரையை எடுத்துக் குத்தினார். பிறகு முந்தின நாள் நான் தட்டி வைத்திருந்த பத்தாம் வகுப்பு இடைப்பருவத் தேர்வு மதிப்பெண் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பெயரில் விரலை வைத்தார்.

"வளர்மதி கணக்குல இருபத்திரண்டு. பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்."

"வர்ற வருஷமும் நான்தான் சார் வாசல்ல நிப்பேன்" என்றார். "ஒங்க பொண்ணையும் எண்ணித்தான் உள்ள அனுப்புவேன்."